விமானிகளை உருவாக்கிய இரு பள்ளிகள்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகளையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து, லோயர் கேம்ப் என்று வழங்கும் அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் முடிவில் குமுளி அமைந்திருக்கிறது. எல்லைக் கோட்டின் ஒருபுறம் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கும். மறுபுறம் கேரளப் பேருந்துகள் நிற்கும். இரு மொழியும் ஒரே கடையில் ஒலிக்கும். ஏலக்காய் மணக்கும் அவ்வூரிலிருந்து சற்றுத் தொலைவில், காட்டினுள்ளே, முல்லைப் பெரியாற்று அணை நிற்கிறது. 1887 முதல் 1895 வரை அதனைக் கட்டுவதில் முன்னின்ற பென்னிகுவிக் இராணுவப் பொறியாளர். அவரோடு உழைத்தவர்களுள் சென்னைப் படையின் பயனியர் வீரர்களும் இருந்தனர். படையில் கற்ற வித்தை உழவனின் வயலுக்கு நீராக வந்து சேர்ந்ததை மதுரை, தேனி மாவட்டத்து மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர்.

குமுளியிலிருந்து கோட்டயம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர் சென்றால் வண்டிப்பெரியாறு வரும். அங்கிருந்து பிரியும் வழி சத்திரம் என்னும் இடத்துக்குச் செல்கிறது. இருமுடி தாங்கிப் புல்மேட்டு வழியாகச் சபரிமலைக்கு நடந்து செல்லும் தமிழ் அடியார்கள் அப்பெயரை நன்கறிவர். அச்சத்திரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே, தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடுபாதை அமைக்கப்பட்டது. இருமுறை முயன்றும், அருகிலிருந்த மண்மேட்டின் காரணமாக விமானம் அதில் இறங்க இயலவில்லை. பின்னர் 2022ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்னும் ஈரிருக்கைச் சிறு விமானம் அவ்வோடுபாதையில் முதன்முதலாக இறங்கிற்று. கல்லூரி மாணவருக்கும் பள்ளி மாணவருக்கும் கட்டணமின்றி வானூர்திப் பயிற்சியளிப்பதே அதன் நோக்கம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மேலே அச்சிறு விமானம் வட்டமிட்ட காட்சி நம் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர் பலர் தம் மக்களைப் பற்றி இக்கேள்வியை நம்மிடம் கேட்பதும் உண்டு. பயணிகள் விமானத்தை ஓட்டும் தொழிலை நாடும் இளைஞனும் இளநங்கையும் எவ்வழியில் செல்ல வேண்டும்? விமானப் படையில் சேர்ந்து, அங்கே கற்று, பின்னர் பயணிகள் விமானத்துக்கு வருவதா? அல்லது தொடக்கத்திலேயே பொதுப்பள்ளியில் பொருள் கொடுத்துக் கற்று உரிமம் பெறுவதா? இக்கேள்விக்கு வரலாற்றில் விடை தேடுவோம்.

இவ்விரு வழிகளும் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரே வேளையில் தோன்றின. 1928ஆம் ஆண்டையொட்டித் தில்லி, மும்பை, கல்கத்தா, கராச்சி ஆகிய நகரங்களில் பிளையிங் கிளப் எனப்படும் விமானக் கழகங்கள் தொடங்கப்பெற்றன. அரசாங்கம் அவற்றுக்கு ‘மாத்’ வகைச் சிறு விமானங்களையும் பொருளுதவியையும் வழங்கிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையிலும் ஒரு கழகம் தோன்றி மீனம்பாக்கத்தில் பயிற்சியளித்தது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் முதல் உரிமம் பெற்றவர் என்னும் சிறப்பை ஜே. ஆர். டி. டாட்டா மும்பைக் கழகத்தின் வழியே அடைந்தார். அக்காலத்தில் ‘ஏ’ உரிமம் தன் விருப்பத்துக்குப் பறப்போர்க்கும், ‘பி’ உரிமம் கூலி பெற்று விமானம் ஓட்டுவோர்க்கும் உரியவை.

மறுபுறம், இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட சில இந்திய இளைஞர்கள் இரண்டாண்டுக் கடும் பயிற்சிக்குப் பின் அதிகாரிகளாயினர். இந்திய விமானப் படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்தது. சரியாக ஏழு நாள் கழித்து, அக்டோபர் 15ஆம் நாள், கராச்சியின் டிரிக் ரோடு நிலையத்திலிருந்து டாட்டா தம் தபால் விமானத்தைக் கிளப்பினார். விமானப் படையின் முதற் பிரிவு 1933 ஏப்ரல் முதல் நாள் உருவானதும் அதே டிரிக் ரோட்டில்தான். படையும் பயணிகள் விமானத் தொழிலும் ஒரே மண்ணில், ஒரே பருவத்தில் முளைத்த இரு செடிகள் எனலாம்.

அந்த முதல் தபால் பயணத்தையே சற்று உற்று நோக்குவோம். கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பை வரை விமானத்தைச் செலுத்தியவர் டாட்டா, கழகத்தில் கற்றவர். மும்பையில் அவரிடமிருந்து தபால் பைகளைப் பெற்றுப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றியவர். இந்தத் தபால் திட்டத்தை வகுத்து டாட்டாவிடம் கொணர்ந்தவரும் அவரே. ஆக, இந்திய விமான நிறுவனத்தின் முதற் பயணத்திலேயே பாதித் தொலைவைக் கழக மாணவரும் பாதித் தொலைவைப் படை மாணவரும் கடந்தனர். சென்னையில் தபாலைப் பெற்றவர்க்கு இந்த வேற்றுமை தெரிந்திருக்க வழியில்லை.

கழகத்திலிருந்து படைக்குச் சென்றவரும் உண்டு. 1929இல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு அப்பரிசு. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். பதினேழு வயதே நிரம்பிய ஆஸ்பி எஞ்சினீயர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்தார். எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுவிட்ட ஆஸ்பிக்குத் தம்மிடமிருந்ததை டாட்டா கொடுத்துதவினார். பரிசை வென்றவர் ஆஸ்பி. பின்னர் அவர் கிரான்வெல் சென்று, படையில் சேர்ந்து, 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது இக்கழகங்களின் பயன் வெளிப்பட்டது. சென்னை, கொச்சி உள்ளிட்ட துறைமுகங்களைக் காக்க அமைக்கப்பட்ட கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகளில் பொது விமானிகள் பலர் சேர்ந்தனர். ஏற்கெனவே உரிமம் பெற்றிருந்த 24 இந்திய விமானிகள் 1940இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மொகிந்தர் சிங் புஜ்ஜி தில்லிக் கழகத்தில் கற்றவர். பயணம் செய்யவும் தபால் சுமக்கவும் கற்ற கைகள் போர் விமானத்தின் பிடியை ஏற்றன. அரசு கழகங்களுக்கு அளித்த உதவி வீண்போகவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

போர் முடிந்ததும் ஆறு எதிர்த்திசையில் பாய்ந்தது. படையிலிருந்து விடுபட்ட விமானிகள் ஏராளம். மிச்சப்பட்ட டக்கோட்டா விமானங்களும் ஏராளம். பெங்களூரில் செப்பனிடப்பெற்ற அவ்விமானங்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பல நிறுவனங்கள் தொழில் தொடங்கின. 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகருக்குத் துருப்புக்களை ஏற்றிச் சென்றபோது, படை விமானங்களோடு பொது நிறுவனங்களின் டக்கோட்டாக்களும் அணிவகுத்தன. மலைக் கணவாயின் மேலே, முறையான வழிகாட்டும் சாதனங்கள் இல்லாத நிலையத்தில், இரு பள்ளிகளின் மாணவரும் அடுத்தடுத்து இறங்கினர்.

வெளியூர்களில் வாழும் நம் அன்பர்களின் முந்திய தலைமுறையினர்க்கு மறவாத நினைவு ஒன்றுண்டு. 1949ஆம் ஆண்டு சனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. சென்னை, மும்பை, தில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் கூடும். அங்கே பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். மாலையில் மும்பையில் எழுதிய மடல் மறுநாள் சென்னையில் சேர்ந்தது. பிள்ளையின் நலம் அறியக் காத்திருந்த தாய்க்கு அம்மடலைச் சுமந்து வந்த விமானி போரில் பறக்கக் கற்றவரா, கழகத்தில் கற்றவரா என்னும் எண்ணம் எழுந்திருக்காது. கருவிகளை நம்பி இருளில் நேர்வழி செல்லும் ஆற்றல் ஒன்றே அப்பணிக்குத் தேவைப்பட்டது.

அவ்வாற்றல் படைப் பயிற்சியோடு தானே வருவதன்று என்பதை அமெரிக்கா பெருவிலை கொடுத்துக் கற்றது. 1934இல் அதிபர் ரூஸ்வெல்ட் பொது நிறுவனங்களின் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். பகலிலும் தெளிந்த வானிலும் தேர்ந்த அவ்வீரர்கள் இரவிலும் பனியிலும் கருவிகளைக் கொண்டு பறக்கப் போதிய பயிற்சி பெற்றிருக்கவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தபால் மீண்டும் பொது நிறுவனங்களிடம் சென்றது. எட்வின் லிங்க் என்பார் செய்து, வேடிக்கைப் பூங்காக்களில் விலைபோய்க்கொண்டிருந்த பயிற்சிப் பொறி ஒன்றை இராணுவம் அவ்வாண்டிலேயே வாங்கிற்று. இன்று கோடிக்கணக்கில் விலைபெறும் ‘சிமுலேட்டர்’ என்னும் பயிற்சிப் பொறிகளுக்கு அதுவே மூதாதை.

இனி, நம் நாட்டில் இவ்விரு பள்ளிகளும் எவ்வாறு பாடம் நடத்துகின்றன என்பதை ஒப்பிடுவோம்.

படைவழியில் நுழைவோரை நாடு முதலில் சல்லடையிட்டுத் தேர்கிறது. எழுத்துத் தேர்வு, உளப் பரிசோதனை, நேர்முகம், கண்ணும் காதும் இதயமும் நுணுகி ஆராயும் உடற்பரிசோதனை ஆகிய அனைத்திலும் தேறியவருக்கே இடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கடக்வாசலாவின் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டு கற்பவரும் உண்டு. பட்டம் பெற்ற பின் சேர்பவரும் உண்டு. விமானப் பயிற்சி ஐதராபாத்தை அடுத்த துண்டிகல்லில் நடைபெறும். முற்காலத்தில் பெங்களூரில் உருவான எச்.டி. 2 விமானத்தில் தொடங்கிய பாடம், பின்னர் தீபக் விமானத்திலும், இக்காலத்தில் பிலாட்டஸ் விமானத்திலும் தொடங்குகிறது. அதனைக் கடந்தவரைப் போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் என மூன்று பிரிவாக்குவர். ஆசிரியராக விரும்பும் விமானிக்கும் ஒரு பள்ளி உண்டு. அது 1954 முதல் நம் தாம்பரத்தில் நடந்துவருகிறது. படைவீரருக்குப் பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டு மண்ணில் தயாராகின்றனர் என்பது நமக்குப் பெருமை.

இப்பயிற்சியின் சிறப்பு அதன் கடுமையில் இருக்கிறது. விமானம் தலைகீழாகும்போதும், சுழன்று வீழும்போதும், அணிவகுத்துப் பறக்கும்போதும் கலங்காத மனத்தை அது உருவாக்குகிறது. குறித்த காலத்துக்குள் குறித்த பாடம் கைவராதவர் இரக்கமின்றி விலக்கப்படுவர். பயிற்சிக்கு மாணவரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. ஆனால் அதற்கு ஈடாக நாடு கேட்பது இளமையை. குறுகிய காலப் பணி என வழங்கும் முறையிலும் விமானிக்குப் பதினான்கு ஆண்டுகள்; நிலையான பணியில் ஓய்வூதியம் பெற இருபது ஆண்டுகள் நிறைய வேண்டும். போர் வந்தால் உயிரையும் கேட்கும். இதனை மறந்து, பயணிகள் விமானத்துக்குச் செல்லும் இலவசப் படிக்கட்டாக மட்டும் படையைக் கருதுவோர் இரு தொழிலுக்கும் தீங்கு செய்தவராவர்.

பொதுவழியில் வேறு ஒழுங்கு நிலவுகிறது. இயற்பியலும் கணிதமும் பயின்று பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவர் விமானப் பள்ளியில் சேரலாம். வான்வழிச் செலவு, வானிலை, வான் விதிகள், இயந்திர நுட்பம், கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றில் அரசின் தேர்வுகள் உண்டு. வணிக விமானி உரிமத்துக்குப் பதினெட்டு வயதும் இருநூறு மணிப் பறப்பும் வேண்டும். அவ்விருநூறில் தனிப் பொறுப்பிலும் இரவிலும் கருவிகளைக் கொண்டும் பறந்த மணிகள் இவ்வளவு என்னும் கணக்கு உண்டு. அதன்பின் ஏர்பஸ் அல்லது போயிங் போன்ற ஒரு விமான வகைக்கெனத் தனிப் பயிற்சி பெற வேண்டும். தலைமை விமானியாக உயர்வதற்கான உரிமத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி தேவை. தொடக்க நாள் முதலே நிறுவனத்தின் நடைமுறைகள், பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தல், சக விமானியுடன் பணியைப் பகிர்தல் ஆகியவற்றைக் குறிக்கோளாகக் கொண்டு பயில்வது இவ்வழியின் நன்மை.

மணிக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. போர் விமானியின் ஒரு மணி நேரம் கடுமை நிறைந்தது. ஆனால் ஆண்டு முழுதும் அவர் சேர்க்கும் மணிகள் குறைவு. பயணிகள் விமானி ஆண்டுக்கு ஆயிரம் மணி வரை பறக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகரருகே நேர்ந்த விபத்தின் பின், 2013 முதல் துணை விமானிக்கும் ஆயிரத்து ஐந்நூறு மணி கட்டாயமாயிற்று; படையில் பயின்றவருக்கு மட்டும் எழுநூற்றைம்பது மணி போதும் என்று விதித்தனர். அந்நாட்டார் தராசில் படையின் ஒரு மணி, வெளியில் பெற்ற இரு மணிக்கு நிகராக நிறுக்கப்பட்டது. பறப்பு மணியை எண்ணுவதோடு அதனை நிறுத்துப் பார்ப்பதும் முறையே என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

ஐரோப்பியரோ வேறு வழி கண்டனர். படையை நம்பியே காலந்தள்ள இயலாது என உணர்ந்த லுப்தான்சா நிறுவனம் 1956இல் பிரெமன் நகரில் தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கிற்று. பிரிட்டிஷ் நிறுவனங்களுக்காக ஹேம்பிளில் 1960இல் ஒரு கல்லூரி எழுந்தது. பள்ளிப்படிப்பு முடித்த இளைஞனைத் தேர்ந்து நேரே பயணிகள் விமானத்துக்கென வளர்க்கும் முறை அங்கே வேரூன்றிற்று.

படைவழியில் வந்தவர் கட்டளைக்குப் பழகியவர். ஆகவே விமான அறையில் துணைவரின் சொல்லைக் கேளார் என்று சிலர் குறை கூறுவர். இதனை நாம் அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளக் கூடாது. 1977இல் தெனெரிஃப் தீவில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதி பெறாது விமானத்தைக் கிளப்பிய தலைமை விமானி, தம் நிறுவனத்திலேயே ஆசிரியராகப் புகழ்பெற்றவர். மூத்தவர் தவறும்போது இளையவர் தயங்கும் இயல்பு மனிதருக்குப் பொதுவானது. சீருடையின் நிறம் அதற்குக் காரணமாகாது. இவ்வகை விபத்துகளை ஆராய்ந்த அறிஞர்கள், விமான அறையில் உள்ள அனைவரும் கூடிச் சிந்தித்துச் செயலாற்றும் பயிற்சியை 1979ஆம் ஆண்டுக்குப் பின் வகுத்தனர்.

நமக்கு அண்மையிலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கொட்டும் மழையில், துபாயிலிருந்து வந்த விமானம் கோழிக்கோட்டு மலைமுகட்டு நிலையத்தில் ஓடுபாதையைக் கடந்து சரிந்தது. 21 பேர் உயிரிழந்தனர். இரு விமானிகளும் அதில் மாண்டனர். தலைமை விமானி விமானப் படையில் நெடுங்காலம் பணியாற்றிப் பெருமை பெற்றவர்; பின்னர் பல்லாண்டு பயணிகள் விமானம் ஓட்டியவர். துணை விமானி பொதுவழியில் வந்த இளைஞர். 2021இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, விமானம் ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியில் தரை தொட்டதையும், மீண்டும் மேலெழும்பும்படி துணை விமானி கூறியதையும் எடுத்துரைத்தது. மாண்டவர் மீது பழி தூற்றுவது நம் கருத்தன்று. ஒருவரது ஆழ்ந்த அனுபவமும் மற்றவரது சரியான எச்சரிக்கையும் ஒரே அறையில் இருந்தும், அவை இரண்டும் உரிய நொடியில் ஒன்றுசேரவில்லை. எப்பள்ளியில் கற்றாலும் இவ்வொன்றைக் கல்லாதவரின் கல்வி நிறைவுறாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2009இல் அட்லாண்டிக் கடலின் மேல் பறந்த பிரெஞ்சு விமானம் ஒன்று, வேகமறியும் கருவி சிறிது நேரம் பழுதுபட்டபோது, விமானிகள் கையால் செலுத்தி நிலைப்படுத்த இயலாது வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். தானியங்கும் கருவிகளை நம்பிப் பழகிய தலைமுறைக்குக் கட்டுமீறிய விமானத்தை மீட்கும் பயிற்சி வேண்டும் என்று உலகம் உணர்ந்தது. ஐரோப்பாவில் 2019ஆம் ஆண்டின் இறுதி முதல் அப்பயிற்சி தொடக்கக் கல்வியிலேயே கட்டாயமாயிற்று. படைப் பள்ளியில் முதலாண்டிலேயே கற்பிக்கும் பாடத்தைப் பொதுப்பள்ளி கடன் வாங்கிற்று. பொது நிறுவனங்கள் வகுத்த கூட்டுச் செயற் பயிற்சியைப் பல நாட்டு விமானப் படைகள் கடன் வாங்கின. டிரிக் ரோட்டில் அருகருகே முளைத்த செடிகளின் வேர்கள் நிலத்தடியில் பின்னிக்கொண்டன.

ஆகவே, எவ்வழியில் வந்தவர் சிறந்த விமானி என்னும் வாதத்துக்கு வரலாறு ஒரு பக்கமாகத் தீர்ப்பளிக்கவில்லை. அது நம் முன் வைக்கும் கேள்வி வேறு: பயிற்சியின் விலையை யார் கொடுப்பது?

கழகங்கள் தழைத்த காலத்தில் அரசு அவ்விலையில் ஒரு பங்கைச் சுமந்தது. பெங்களூரை அடுத்த ஜக்கூரில் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில் 1948இல் அரசினர் விமானப் பள்ளி எழுந்தது. 1949இல் அங்கே பயிற்சி முடித்தவர் உஷா சுந்தரம் அம்மையார். அப்பள்ளியை முன்னின்று நடத்திய அவர் கணவர் வி. சுந்தரமும் அவரும் 1952இல் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து மும்பைக்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து புகழ்பெற்றனர். உள்நாட்டிலேயே உருவான புஷ்பக் என்னும் இலேசான விமானம் ஊர்தோறும் கழகங்களில் பறந்தது. 1953 ஆகஸ்டு முதல் நாள் எட்டு நிறுவனங்கள் இணைந்து இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் தோன்றியபோதும், அதன் பின்னரும், நடுத்தரக் குடும்பத்து இளைஞர் பலர் இக்கழகங்களின் வழியே உரிமம் பெற்றனர். பிரதமராக விளங்கிய ராஜீவ் காந்தியும் தில்லிக் கழகத்தில் கற்று, அரசியலுக்கு வருமுன் அந்நிறுவனத்தில் விமானம் ஓட்டியவரே.

பின்னர் கழகங்கள் பல நலிவுற்றன. எரிபொருளும் உதிரி உறுப்புகளும் விலை ஏறின. பழைய விமானங்கள் கொட்டகையில் தூங்கின. 1980ஆம் ஆண்டுகளின் நடுவில் உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசு ஓர் உயர்ந்த பயிற்சிக்கழகத்தை நிறுவிற்று. ஆயினும் அதன் இடங்கள் சிலவே. 1994இல் தனியார் நிறுவனங்களுக்கு வானம் திறந்துவிடப்பட்டதும் விமானிகளுக்குத் தேவை பெருகிற்று. தனியார் பள்ளிகளும் பெருகின. இன்று உரிமமும் விமான வகைப் பயிற்சியும் பெற்று முடிப்பதற்குள் செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நிறுவனங்களின் தனித் திட்டங்களில் ஒரு கோடியையும் தொடுகிறது. வீட்டையும் நிலத்தையும் ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் உரிமம் கிட்டியவுடன் வேலையும் கிட்டும் என எண்ணுகின்றனர். விமானத் தொழிலோ ஏற்றமும் இறக்கமும் உடையது. நிறுவனங்கள் மூடப்பட்ட ஆண்டுகளிலும், 2020இன் பெருந்தொற்றுக் காலத்திலும், உரிமம் பெற்ற இளைஞர் பலர் கடனை மட்டும் சுமந்து காத்திருந்தனர்.

இந்நிலையில், வெளியூர்த் தமிழன்பர்களுக்கு நாம் கூறத்தக்கவை சில உண்டு. நாட்டைக் காக்கும் பணியில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளைக்குப் படைவழி பொன்வழி. அவர் நாற்பதை ஒட்டிய வயதில் வெளிவந்தாலும், அறுபத்தைந்து வயது வரை பறக்க இடமுண்டு. ஆனால் நிறுவனத்தில் புதியவராகத் தொடங்கி, தம்மினும் இளையவரின் அருகில் துணைவராக அமரும் பணிவு வேண்டும். பயணிகள் விமானம் ஒன்றே நோக்கமான பிள்ளைக்குப் பொதுவழி நேர்வழி. ஆனால் பணம் கட்டுமுன், அப்பள்ளிக்கு எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, எத்தனை ஆசிரியர் உள்ளனர், இருநூறு மணியை முடிக்க மாணவர்க்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நேரில் சென்று விசாரிக்க வேண்டும். எவ்வழியாயினும், உயர்தர மருத்துவப் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள்வது அறிவுடைமை. கண்ணிலோ இதயத்திலோ குறை இருப்பதைப் பொருள் செலவழித்த பின் அறிவதால் பயன் என்ன?

மூன்றாவதாக ஒரு சிறு வழியும் உண்டு. தேசிய மாணவர் படை 1948இல் தோன்றிற்று. அதன் விமானப் பிரிவு 1950இல் தொடங்கிற்று. கல்லூரியில் பயிலும்போதே அதில் சேர்ந்து ‘சி’ சான்றிதழ் பெற்றவருக்கு விமானப் படையில் நுழையத் தனி ஒதுக்கீடு உண்டு. படையில் சேராதவருக்கும் நட்டம் இல்லை. சிறு விமானத்தில் ஆசிரியர் அருகில் அமர்ந்து சில முறை பறந்த பிள்ளைக்கு, இத்தொழில் தனக்கு ஏற்றதா என்பது தெரிந்துவிடும். அரைக் கோடி கடன் வாங்குமுன் அவ்வுண்மையை அறிவது எத்துணைப் பெரிய உதவி!

அவ்வகையில்தான் சத்திரத்து ஓடுபாதை நமக்கு முக்கியமாகிறது. அதற்கும் இடர்கள் இல்லாமலில்லை. பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தின் அருகே அது அமைந்தமையால் வனத்துறையின் மறுப்பு எழுந்தது. 2022ஆம் ஆண்டு சூலை மாதப் பெருமழையில் ஓடுபாதையின் ஓரம் மண்சரிவில் இடிந்தது. காட்டின் உரிமையும் மலைச்சரிவின் இயல்பும் மதிக்கத்தக்கவை. அவற்றை மீறி எழும் கட்டடம் நிலைக்காது. ஆயினும் அவ்வோடுபாதைக்குப் பின்னால் இருந்த எண்ணம் பழுதற்றது. பொருளில்லாத வீட்டுப் பிள்ளையும் ஒருமுறை விமானத்தின் பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். 1928இல் கழகங்களுக்குச் சிறு விமானங்கள் வழங்கப்பட்டதன் பயன், பன்னிரண்டாண்டுக்குப் பின் நாடு இடருற்றபோது தெரிந்தது. இன்று விதைப்பதன் பயனும் அவ்வாறே பின்னால் தெரியும்.

விடுமுறையில் ஊர் திரும்பும் அன்பர்கள் குமுளியின் மலைவளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்ப்பதுண்டு. படைப் பொறியாளர் திருப்பிவிட்ட நீர் அங்கே வயல்களில் பாய்ந்துகொண்டிருக்கும். அந்நீரைப் பெற ஒவ்வோர் உழவனும் தனித்தனியே ஓர் அணை கட்ட வேண்டியிருந்ததா? பொதுப்பொருளில் ஒரே அணை எழுந்தது; பள்ளத்தாக்கு முழுதும் பசுமையாயிற்று. விமானக் கல்விக்கும் அத்தகைய பொது அணைகள் வேண்டும். நலிந்த கழகங்களுக்கு மீண்டும் அரசின் துணையும், தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகையும் கிட்டுமாயின், தோட்டக் குடியிருப்பிலிருந்து அண்ணாந்து பார்த்த கண்கள் ஒருநாள் விமான அறையிலிருந்து குமுளி மலையைக் குனிந்து பார்க்கும்.